ஐந்தரை நிமிட படத்துக்கு ஆறு மாத உழைப்பு! சைக்கிள் கடை மெக்கானிக் மலை உச்சியை தொட்ட கதை

பகல் முழுவதும் சைக்கிள் ரிப்பேர். கடை அடைத்த பிறகு சைக்கிளில் சாகசம். கூட தங்கியிருந்த நண்பர் அதை வீடியோ காமிராவில் படம் பிடித்தார். 2009-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி அந்த படத்தை இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். அந்த மெக்கானிக்கின் வாழ்க்கையே தலைகீழாக மாறிவிட்டது!

அந்த வாலிபரின் பெயர் டேனி மக்காஸ்கில். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். அப்போது அவருக்கு வயது 23.

ஐந்து ஆண்டு கழித்து அதே வாலிபர் 3 ஆயிரத்து 235 அடி உயரமுள்ள ஒரு பாறை முனையில் சைக்கிளோடு நின்றார். இரண்டு பக்கமும் அதல பாதாளம். அந்த படம் ஏழு நிமிடத்துக்கு சற்று அதிகம்தான் ஓடும். ஆனால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் அதை பார்த்தார்கள்.

"ஒருத்தர் ஓட்டுகிறார். இன்னொருத்தர் படம் பிடிக்கிறார். இதில் என்னய்யா பிரமாதம்?" என்று கேட்கலாம்.

விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. ஒரு சின்ன சைக்கிள் படத்துக்கு பின்னால் எலும்பு முறிவு உண்டு, மழை உண்டு, கத்தரிக்கோல் வேலை உண்டு. அதுபற்றிய விவரம் வருமாறு:-

தீவில் பிறந்தவர்

ஸ்காட்லாந்தின் மேற்கு கரை ஓரத்தில் ஸ்கை என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே டன்வேகன் என்ற சிற்றூரில் 1985-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ந்தேதி டேனி பிறந்தார்.

சின்ன வயதிலேயே சைக்கிள் பைத்தியம். சுவர், திண்ணை, படிக்கட்டு எது கண்ணில் பட்டாலும், "இதன் மேல் சைக்கிளை ஏற்ற முடியுமா?" என்றுதான் பார்ப்பார்.

படிப்பு முடிந்ததும் ஆவிமோர் என்ற மலை ஊரில் சைக்கிள் கடை ஒன்றில் வேலைக்கு சேர்ந்தார். 2006-ல் தலைநகர் எடின்பரோவுக்கு வந்தார். அங்கேயும் சைக்கிள் கடை வேலைதான். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கட்டை மாற்றுவது, செயின் பூட்டுவது என்று பொழுது போயிற்று.

கடை நேரம் போக மற்ற நேரமெல்லாம் நகரத்தில் சுற்றுவார். அவர் ஓட்டியது 'டிரையல்ஸ்' என்ற ரகத்து சைக்கிள். இது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போகிற வண்டி இல்லை. சீட் மிகவும் தாழ்வாக இருக்கும். பெடலில் நின்றபடியேதான் ஓட்ட வேண்டும். பிரேக் பிடித்தால் சக்கரம் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். அப்போதுதான் ஒற்றை சக்கரத்தில் நின்று துள்ள முடியும்.

அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் டேவ் சோவர்பி. அவர் கையில் வீடியோ காமிரா இருந்தது. "நீ ஓட்டு, நான் பிடிக்கிறேன்" என்பதுதான் ஏற்பாடு. கம்பெனி கிடையாது. புரொடியூசர் கிடையாது. லைட் பாய் கிடையாது. நேரம் கிடைத்தபோதெல்லாம் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள்.

ஈட்டி வேலி

அந்த படத்தில் எல்லோரையும் மூச்சு பிடிக்க வைத்தது ஒரு இரும்பு வேலி.

வேலி என்றால் கம்பி வேலி அல்ல. மேலே ஈட்டி முனை வைத்த இரும்பு கிராதி. அந்த முனைகளின் மேலேயே சைக்கிளை ஏற்றி, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும்! டயரின் அகலம் இரண்டு மூன்று விரல்தான். வேலியின் அகலம் அதைவிட குறைவு. சற்று சரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

டேனி விழுந்தார். மறுபடி ஏறினார். மறுபடியும் விழுந்தார்.

இங்கேதான் நண்பர்கள் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். விழுந்ததை வெட்டி எறியவில்லை. படத்தின் ஆரம்பத்திலேயே தோல்விகளை வரிசையாக காட்டினார்கள். கடைசியில் வேலி மேல் சக்கரம் ஓடும்போது பார்க்கிறவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. விழுந்ததை காட்டியிராவிட்டால், "ஏதோ கயிறு கட்டி இழுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டு போயிருப்பார்கள்.

அதன் பிறகு ஒவ்வொன்றும் திகைக்க வைக்கும் காட்சி. கடை கூரையில் இருந்து பக்கத்து கடை கூரைக்கு ஒரு தாவல். மரத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி பின்பக்கமாக ஒரு கரணம். உயரமான இடங்களில் இருந்து தரையில் குதியல்.

எல்லாம் சேர்த்து படம் ஓடுவது 5 நிமிடம் 37 வினாடி. எடுத்து முடிக்க சுமார் ஆறு மாதம் ஆயிற்று. கணக்கு போட்டு பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு வினாடி படம் கூட தேறவில்லை!

படம் வெளியானதும் சில நாட்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். பிறகு அது கோடிக்கணக்கில் ஏறியது. பத்திரிகைக்காரர்கள் தேடி வந்தார்கள். விளம்பர கம்பெனிகள் அழைத்தன. டேனி கடை வேலையை விட்டு முழு நேர சைக்கிள் வீரர் ஆனார்.

முதுகில் வி.சி.ஆர்.

மலை சைக்கிள் படம் எடுப்பது புது வித்தை அல்ல. 1987-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மார்க் ஷுல்சே என்பவர் ஒரு வேலை செய்தார். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் வீடியோ காமிராவை பொருத்தினார். அதில் இருந்து ஒயர் இழுத்து முதுகு பையில் இருந்த வி.சி.ஆரில் சொருகினார். தலையில் ஒரு சுமை, முதுகில் ஒரு சுமை. அந்த கோலத்தில் மலை பாதையில் சைக்கிள் ஓட்டினார். ஓட்டுகிறவன் கண்ணால் பாதையை பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்கு தெரிந்தது.

பிற்பாடு காமிரா தீப்பெட்டி மாதிரி சுருங்கிவிட்டது. நிக் உட்மன் என்ற அமெரிக்கர் 2002-ல் தொடங்கிய 'கோப்ரோ' கம்பெனி இதில் பெயர் பெற்றது. அந்த கம்பெனி 2004-ல் விற்ற முதல் காமிரா மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பிலிம் காமிராதான். வீடியோ பிறகுதான் வந்தது. இப்போது ஹெல்மெட்டில், நெஞ்சில், ஹாண்டில் பாரில் என்று எங்கே வேண்டுமானாலும் அதை மாட்டிவிடலாம்.

காமிராவை மாட்டிவிட்டால் போதுமா? போதாது. ஏன் என்றால் காமிரா பொய் சொல்லும்!

செங்குத்து சமதளம் ஆகும்

மலை சைக்கிள் ஓட்டுகிற யாரை கேட்டாலும் இந்த புகாரை சொல்வார்கள். நேரில் பார்த்தால் கால் நடுங்குகிற சரிவு. படத்தில் பார்த்தால் ஏதோ சாதாரண மேடு மாதிரி தெரியும்.

காரணம் இதுதான். சின்ன காமிராக்களில் இருப்பது அகன்ற பார்வை லென்ஸ். அது எதிரே இருப்பதை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடக்க பார்க்கும். தூரத்து பொருள் இன்னும் தூரத்தில் தள்ளி தெரியும். பள்ளத்தின் ஆழம் தெரியாது. பார்க்கிறவனுக்கு ஒப்பிட்டு பார்க்க தொடுவானமும் கிடைக்காது. செங்குத்து பாறை சமதளம் ஆகிவிடும்.

இதற்கு அனுபவசாலிகள் செய்கிற வழி சில உண்டு. காமிராவை ஓட்டுகிறவர் தலையில் மட்டும் வைக்காமல் பக்கவாட்டில் ஒரு ஆளை நிறுத்துவார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் சரிவின் கோணம் தெரியும். மரம், வீடு, கடல் மட்டம், மனித உருவம் ஏதாவது ஒன்று சட்டத்துக்குள் இருக்க வேண்டும். அப்போது, "அடேயப்பா, இவ்வளவு உயரமா?" என்று புரியும்.

காமிராவை சாய்த்து பிடிக்க கூடாது. சாய்த்தால் சரிவு போய்விடும். சில பேர் வேண்டுமென்றே சாய்த்து பிடித்து சின்ன மேட்டை பெரிய மலையாக காட்டுவதும் உண்டு. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக சாய்ந்து நின்றால் அது திருட்டு படம் என்று கண்டுபிடித்துவிடலாம்!

ஏற முடியாத சிகரம்

2014-ம் ஆண்டு டேனி தன் சொந்த தீவுக்கே திரும்பினார். இந்த தடவை நகரத்து வேலி இல்லை. கூலின் மலைத்தொடர். கையில் இருந்தது மலை சைக்கிள்.

படத்தை இயக்கியவர் ஸ்டூ தாம்சன். இவரும் சாதாரண ஆள் இல்லை. மலை சரிவில் சைக்கிள் பந்தயம் ஓடிய வீரர். பிறகு கிளாஸ்கோ நகரில் 'கட் மீடியா' என்ற பட கம்பெனி தொடங்கியவர். 2013-ல் டேனியை வைத்து ராட்சத பொம்மைகளுக்கு நடுவே ஒரு படம் எடுத்தவரும் இவர்தான். ஓட்டுகிறவனுக்கு எங்கே பயம் வரும், எங்கே கால் வழுக்கும் என்பது டைரக்டருக்கே தெரியும் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கூலின் மலைத்தொடர் சுமார் 12 கிலோ மீட்டர் நீளம். பெரும்பகுதி 'காப்ரோ' என்ற சொரசொரப்பான கறுப்பு பாறை. காய்ந்திருந்தால் டயர் நன்றாக பிடிக்கும். ஆனால் நடுநடுவே வேறு வழவழப்பான பாறை வரும். அதன் மேல் மழை பட்டால் சோப்பு தண்ணீர் கொட்டிய தரை மாதிரி ஆகிவிடும். திசை காட்டும் கருவியையும் அங்கே நம்ப முடியாது. பாறையில் காந்த சத்து இருப்பதால் முள் தடுமாறும்.

அந்த மலையில் ஒரு முனைக்கு 'ஏற முடியாத சிகரம்' என்றே பொருள்படும்படி ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். கத்தியை நிறுத்தி வைத்த மாதிரி ஒரு பாறை. 1880-ல் பில்கிங்டன் சகோதரர்கள் சார்லஸ், லாரன்ஸ் இருவரும் முதன்முதலாக அதில் ஏறினார்கள். இன்றைக்கும் பாறை ஏறும் பயிற்சி இல்லாதவர்கள் அந்த பக்கம் போக மாட்டார்கள்.

வெறும் கையோடு ஏறவே உயிர் போகும். டேனி சைக்கிளை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார்!

படகில் தொடங்கி முள் கம்பியில் முடிந்தது

சைக்கிளை படகில் போட்டுக்கொண்டு டேனி துடுப்பு போட்டு வருவதில் படம் தொடங்குகிறது. பிறகு மலை ஏற்றம். உச்சியில் நிற்கிறார். காமிரா அவரை விட்டு விலகி விலகி ஆகாயத்தில் போகிறது. மனிதன் சின்ன புள்ளி ஆகிறான். சுற்றிலும் பள்ளம், அதற்கு அப்பால் கடல். அப்போதுதான் அவர் நிற்கிற இடம் எப்படிப்பட்டது என்று தெரிகிறது.

இந்த காட்சியை பிடித்தது 'டிரோன்' என்கிற குட்டி விமானம். முன்பு இப்படி ஒரு காட்சி வேண்டும் என்றால் ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆனால் டிரோனுக்கும் தொல்லை உண்டு. பாட்டரி சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். மலை உச்சியில் காற்று பலமாக அடித்தால் பறக்கவே முடியாது. ஓட்டுகிறவர் தயாராக இருக்கும்போது காற்று நிற்க வேண்டும். காற்று நிற்கும்போது மேகம் விலக வேண்டும். மூன்றும் ஒத்துவருகிற வரையில் குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிறகு கீழ் நோக்கி பயணம். சொல்லப்போனால் அது பாதையே இல்லை. பாறை விளிம்பு, சரளை கல், பிளவு. கடைசி பகுதியில் ஒரு முள் கம்பி வேலி. முன் சக்கரத்தை கல்லில் மோதவிட்டு, அந்த வேகத்திலேயே சைக்கிளோடு முன்பக்கமாக கரணம் அடித்து வேலியை தாண்டுகிறார். மோதுகிற வேகம் கொஞ்சம் குறைந்தாலும் முள் கம்பி மேல்தான் விழ வேண்டும்.

ஒரே சட்டை, ஒரே வெயில்

இந்த மாதிரி படத்தில் பார்க்கிறவர் கண்ணுக்கு தெரியாத ஒரு தலைவலி இருக்கிறது.

படத்தில் எல்லாம் ஒரே நாளில் நடந்த மாதிரி இருக்கும். எடுத்தது பல நாளாக இருக்கும். ஆகவே சட்டை மாற கூடாது. ஹெல்மெட் மாற கூடாது. டயரில் சேறு இருந்தால் அடுத்த காட்சியிலும் சேறு இருக்க வேண்டும். இன்று காலை வெயிலில் பாதி எடுத்துவிட்டு நாளை மாலை மேகத்தில் மீதியை எடுத்தால் ஒட்டாது. நிழல் எந்த பக்கம் விழுந்தது என்று கூட குறித்து வைத்துக்கொள்வார்கள்.

காமிரா சாமானை மலை மேல் கொண்டுபோக வேனோ லாரியோ கிடையாது. மனிதன் முதுகுதான். லென்ஸ், முக்காலி, பாட்டரி, கயிறு, சாப்பாடு எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

கத்தரிக்கோல் வேலை

படம் எடுப்பது பாதி என்றால் எடிட்டிங் மீதி பாதி. மணிக்கணக்கில் எடுத்ததை சில நிமிடமாக சுருக்க வேண்டும்.

சைக்கிள் பட எடிட்டர்கள் கடைப்பிடிக்கிற ஒரு நேர்மை உண்டு. தாவினால் தாவுவதும் தரையில் இறங்குவதும் ஒரே காட்சியில் வெட்டு இல்லாமல் இருக்க வேண்டும். தாவுகிறதை ஒரு கோணத்தில் காட்டிவிட்டு, இறங்குகிறதை இன்னொரு கோணத்தில் ஒட்டினால் பார்க்கிறவன் நம்ப மாட்டான். நடுவில் வேறு ஆள், வேறு இடம், மெத்தை என்று எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம் அல்லவா? உயிரை பணயம் வைத்து ஒருவன் செய்த காரியம் ஒரு தப்பான வெட்டில் வீணாகிவிடும்.

அடுத்தது வேகம். ஐரோப்பாவில் சாதாரணமாக வினாடிக்கு 25 படம் ஓடும். வினாடிக்கு 100 படம் எடுத்து அதை 25 ஆக ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாக தெரியும். சக்கரம் பாறையை தொடுவது, டயர் நசுங்குவது, முழங்கால் மடங்குவது எல்லாம் துல்லியமாக கண்ணுக்கு தெரியும். ஆனால் எல்லாவற்றையும் மெதுவாக காட்டினால் கொட்டாவி வந்துவிடும். சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி அளவாக வைக்க வேண்டும்.

பிறகு சத்தம். காமிரா தூரத்தில் இருக்கும். டிரோன் விசிறி சத்தம் காதை பிளக்கும். ஆகவே சைக்கிள் சத்தத்தை பல படங்களில் தனியாக பதிவு செய்து சேர்ப்பார்கள். சரளை கல் நொறுங்குவது, செயின் உரசுவது, பிரேக் கிறீச்சிடுவது எல்லாம் அப்படித்தான். மலையில் இருக்கிற உணர்வை தருவதில் கண்ணைவிட காதுக்கு அதிக பங்கு.

சங்கீதமும் முக்கியம். கூலின் மலை படத்துக்கு மார்ட்டின் பென்னட் என்ற ஸ்காட்லாந்து இசை கலைஞரின் பாட்டை வைத்தார்கள். பழைய நாட்டுப்புற பாடகர்களின் குரல் பதிவை எடுத்து புது தாளம் சேர்த்து இசை அமைத்தவர் அவர். 2005-ல் 33 வயதிலேயே புற்றுநோயால் காலமானார். அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து இந்த படத்தின் மூலம் கோடிக்கணக்கானவர்கள் காதுக்கு அவருடைய இசை போய் சேர்ந்தது.

உடைந்த எலும்பு

புகழ் வந்தது. பணம் வந்தது. கூடவே கட்டும் வந்தது.

டேனிக்கு காறை எலும்பு ஒரு தடவை அல்ல, பல தடவை உடைந்தது. முதுகு தொல்லையால் மாதக்கணக்கில் சைக்கிளை தொட முடியாமல் இருந்தார். எலும்பு கூடுகிற வரையில் படப்பிடிப்பும் நின்றுவிடும்.

இந்த தொழிலில் டூப் கிடையாது. ஹீரோவும் அவர்தான், ஸ்டண்ட் மாஸ்டரும் அவர்தான். படம் பிடிக்கிறவர் நண்பர். "இன்னும் ஒரு தடவை" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. "போதும், நாளைக்கு பார்த்துக்கலாம்" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. வெயில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவன் களைத்திருப்பான். அந்த நேரத்தில் காமிராவை மூடுகிற தைரியம்தான் நல்ல காமிராமேனுக்கு அழகு என்பார்கள்.

மறுபடியும் அதே மலை

2021-ல் டேனி மறுபடியும் கூலின் மலைக்கு போன படம் வெளிவந்தது. இந்த தடவை 'டூ ஸ்லாப்ஸ்' என்ற மாபெரும் பாறை சரிவு. மேலே இருந்து கீழே வரை வெறும் பாறை. அதில் சைக்கிளில் இறங்கி வந்தார். நடுவில் பிரேக் விட்டால் நிறுத்த இடம் இல்லை.

சைக்கிள் கடையில் ஸ்பானர் பிடித்த கை இப்போது உலகம் பூராவும் தெரிந்த கை. ஆனால் முறை மாறவில்லை. இடத்தை பார்ப்பது, நடந்து போய் ஒவ்வொரு கல்லையும் தொட்டு பார்ப்பது, சின்ன துண்டாக பழகுவது, சரியாக வரவில்லை என்றால் திரும்பிவிடுவது. இவ்வளவுக்கும் பிறகுதான் காமிரா ஓடும்.

இதை பார்த்துவிட்டு மாடிப்படியில் சைக்கிளை இறக்க கிளம்புகிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது படத்தின் முடிவை அல்ல. எடின்பரோ படத்தின் ஆரம்பத்தை. அதில் டேனி வேலியில் இருந்து விழுகிறார். தலையில் ஹெல்மெட் இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருக்கிறது.

அவர் எழுந்து சைக்கிளை நிமிர்த்தி, மறுபடியும் பழைய இடத்துக்கு தள்ளிக்கொண்டு போகிறார்.